கரமனைக்கு வரவிருந்த ரயில்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கரமனை இன்னதென்று நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் நமது சங்கத்துத் திங்களிதழ் இக்காலத்தில் தில்லிக்கும் பெங்களூருக்கும் மாற்றலாகிச் சென்ற அன்பர்களின் கைக்கும் எட்டுகின்றதாகையால், இரண்டொரு சொல் கூறுதல் தகும். தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து கிள்ளிப்பாலம் கடந்து நாகர்கோவில் சாலையில் சென்றால், ஆற்றுப் பாலத்துக்கு இப்பால் அமைந்திருப்பது கரமனை. அக்கிரகாரத் தெருக்கள் ஒருபுறம். சாலைக் கடைவீதியில் வாணிகம் செய்யும் நெல்லை, குமரி மாவட்டத்தாரின் வீடுகள் மற்றொரு புறம். மலையாளமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து நடக்கும் இடம் அது. 2014-ஆம் ஆண்டில் இந்தக் கரமனைக்கு ஒரு ரயில் வருமென்று சொன்னார்கள். பள்ளிப்புறத்து டெக்னோசிட்டியில் புறப்பட்டு, நகரின் நடுவே தூண்களின் மேல் ஓடி, கரமனையில் வந்து நிற்கும் லைட் மெட்ரோ. தூரம் 21.82 கிலோமீட்டர். அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் இன்று நடுநிலைப் பள்ளியில் படிக்கின்றனர். ரயில் வரவில்லை.

அது வராத கதையை இங்கு எழுதத் துணிந்தோம். தென்னக ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நமக்கு இதில் என்ன உரிமை என்று சிலர் வினவக்கூடும். பெரிய படிப்பு எமக்கு இல்லை. பத்தாம் வகுப்புத் தேறியபின் தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் கடைநிலை வேலை கிடைத்தது. பின்னர் இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனோம். பொறியியல் நாம் அறியோம். ஆனால் கோப்பு எப்படி நகரும், எங்கே நிற்கும், யாருடைய கையெழுத்துக்காக யார் காத்திருப்பார் என்பவற்றைப் பதினைந்து ஆண்டுகளாகக் கண்ணால் கண்டு வருகின்றோம். லைட் மெட்ரோவின் கதையில் பெரும்பகுதி அதுவே. மற்றொன்றும் சொல்லிவிடுகின்றோம்: ரயில்வே ஊழியராகிய நமக்குக் கட்சி பேச நடத்தை விதிகள் இடங்கொடா. ஆகவே இரு முன்னணிகளையும் மத்திய அரசையும் ஒரே தொலைவில் வைத்துப் பார்க்கும் நன்மை எமக்கு வாய்த்திருக்கின்றது.

தொடக்கத்தில் பேசப்பட்டது லைட் மெட்ரோ அன்று, மோனோரயில். உம்மன் சாண்டி முதலமைச்சராக இருந்த 2012-இல் திருவனந்தபுரத்துக்கும் கோழிக்கோட்டுக்கும் மோனோரயில் அமைப்பதென்று முடிவு செய்து, அதற்கென ஒரு கார்ப்பொரேஷனும் நிறுவினார்கள். ஒற்றைத் தண்டின்மேல் சவாரி செய்யும் அந்த வண்டியைச் செய்து தருவோர் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஒப்பந்தப் புள்ளி கோரினால் போட்டிக்கு ஆளில்லை. கேட்ட விலையோ அரசின் கணக்குக்கு எட்டவில்லை. 2014-இல் அதைக் கைவிட்டார்கள். சென்னையிலும் இதே மோனோரயிற் பேச்சு எழுந்து அடங்கியதை வாசகர்கள் அறிவர். அதன் பின்னரே தில்லி மெட்ரோ ரயில் கார்ப்பொரேஷன், இரண்டு தண்டவாளங்களில் ஓடும் சிறிய வண்டியே இந்நகரங்களுக்கு ஏற்றதென்று விரிவான திட்ட அறிக்கை கொடுத்தது. பெரிய மெட்ரோவைவிடப் பெட்டிகள் குறைவு, பாரம் குறைவு, ஆகவே தூண்களும் மெலிதாக இருக்கலாம், குறுகிய வளைவிலும் திரும்பும். பட்டம், கேசவதாசபுரம் போன்ற நெருக்கடியான முனைகளைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

செலவு திருவனந்தபுரத்துக்கு 4,219 கோடி ரூபாய். கோழிக்கோட்டில் மருத்துவக் கல்லூரியிலிருந்து மீஞ்சந்தை வரை 13.33 கிலோமீட்டருக்கு 2,509 கோடி. ஆக 6,728 கோடி. இதில் மத்திய அரசு நூற்றுக்கு இருபது, மாநில அரசு நூற்றுக்கு இருபது, எஞ்சிய அறுபது பங்கு ஜப்பான் போன்ற வெளிநாட்டிலிருந்து குறைந்த வட்டிக் கடன் என்பது அறிக்கையின் யோசனை. குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? நாமும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். ஒவ்வோர் அரசின் பங்கும் 1,345 கோடியே 60 இலட்சம். கடன் 4,036 கோடியே 80 இலட்சம். இந்தக் கடைசி எண்ணில்தான் முடிச்சு இருக்கின்றது. மாநில அரசு வெளிநாட்டில் நேரே கை நீட்டிக் கடன் வாங்க இயலாது. மத்திய அரசின் வழியாகவே அது வரவேண்டும். ஆகவே மத்திய அரசு தரவேண்டிய பங்கு ஐந்தில் ஒன்றுதான் என்றாலும், அதன் கையெழுத்து இல்லாமல் ஐந்தில் நான்கு பங்கு நகராது. கொச்சி மெட்ரோவுக்கு அந்தக் கையெழுத்து கிடைத்தது. பிரான்சு நாட்டு வளர்ச்சி நிறுவனத்தின் கடனும் வந்தது. 2017 ஜூனில் வண்டியும் ஓடியது. தலைநகரத்துக்குக் கிடைக்கவில்லை. இந்த ஒப்பீடு இங்குள்ளோர் மனத்தில் இன்றும் முள்ளாக இருக்கின்றது.

திட்டத்துக்கு முதன்மை ஆலோசகராக இருந்தவர் இ. ஸ்ரீதரன் அவர்கள். அவர் பெயரைக் கேட்டால் எம் போன்ற ரயில்வே ஊழியர்களுக்கு உள்ளம் நிமிரும். 1964 டிசம்பர்ப் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது, அதை 46 நாட்களில் செப்பனிட்டுக் கொடுத்த இளம் பொறியாளர் அவர். கொங்கண் ரயிலும் தில்லி மெட்ரோவும் பிற்காலத்துப் பெருமைகள். எம் தந்தையார் பாம்பன் கதையை எங்களுக்கு இராமாயணம்போல் சொல்லுவார். "தண்டவாளம் போடுகிறவன் பேச மாட்டான், போட்டுவிட்டுத்தான் பேசுவான்" என்பது அவர் வாக்கு. ஆனால் நகரத்து ரயில், பாலத்தைப்போல் பொறியாளர் ஒருவரின் கையில் மட்டும் இருப்பதன்று என்பதை இந்தத் திட்டம் காட்டியது.

முதல் பூசல் 2015-இல் எழுந்தது. தனியாரைக் கூட்டுச் சேர்த்து அமைக்கலாம், அரசுக்குச் செலவு குறையும் என்றது மாநில நிதித்துறை. தனியார் வரமாட்டார், வந்தாலும் நிற்கமாட்டார், கொச்சியைப்போல் அரசே செய்யவேண்டும் என்றார் ஸ்ரீதரன். எதிர்க்கட்சியாக இருந்த இடதுசாரிகளும் அப்போது அவர் பக்கம் பேசினார்கள். இதில் நாம் ஸ்ரீதரன் கட்சி. காரணம் மரியாதை மட்டுமன்று. தில்லியில் விமான நிலையத்துக்குச் செல்லும் மெட்ரோ தடத்தைத் தனியார் நிறுவனம் ஏற்று நடத்தி, 2013-இல் விட்டுச் சென்றது. அரசு நிறுவனம் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டது. அந்த ஆண்டே குருகிராமில் தனியார் தொடங்கிய ரேபிட் மெட்ரோவும் 2019-இல் அரசின் கைக்கு வந்தது. பயணச் சீட்டுப் பணத்தில் நகர ரயில் தன் கட்டுமானச் செலவை மீட்டுக்கொள்வது அரிது. மீட்கும் அளவுக்குக் கட்டணம் வைத்தால் ஏற ஆளிருக்காது. இது சீட்டு விற்கும் இடத்தில் ஒரு மாதம் உட்கார்ந்தவருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் எம் வீட்டு நிலையைச் சொல்லவேண்டும். எம் மனைவி கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் வளாகத்து நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கின்றார். அவர் பி.காம். பட்டதாரி; எம்மைவிடப் படித்தவர், எம்மைவிட நெடுநேரம் உழைப்பவர். காலை ஏழேகாலுக்குக் கரமனையில் பேருந்து ஏறி, கிழக்கேகோட்டையில் மாறி, பட்டத்திலும் உள்ளூரிலும் ஸ்ரீகாரியத்திலும் நின்று நின்று சென்றால், பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் அதற்கும் மேல். மாலையில் வீடு திரும்ப எட்டரை மணி. எங்கள் மகளுக்கு மாலையில் வீட்டுப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு பத்தாம் வகுப்புப் படித்த தகப்பனிடம் வந்து சேர்ந்ததற்கு இதுவே காரணம். கழக்கூட்டத்துக்கு ரயில் நிலையம் உண்டே, ரயில்வேக்காரர் மனைவி ரயிலில் போகக்கூடாதா என்று சங்கத்து நண்பர்கள் கேலி செய்வர். நிலையம் உண்டு, இரட்டைப் பாதையும் உண்டு. ஆனால் அதே பாதையில்தான் தொலைதூர விரைவு வண்டிகளெல்லாம் வந்து போகின்றன. அவற்றுக்கு வழிவிட்டு எஞ்சும் நேரத்தில் ஓடும் பாசஞ்சர் வண்டிகள், அலுவலகம் தொடங்கும் வேளையைக் கேட்டு ஓடுவதில்லை. பாதி தூரம் பேருந்து, பாதி தூரம் ரயில், மீண்டும் ஆட்டோ என்றால் செலவும் நேரமும் குறைவதில்லை. சில மாதம் முயன்றுவிட்டுப் பேருந்துக்கே திரும்பினார்.

ஆகவே லைட் மெட்ரோவில் எங்களுக்கு ஆசை இருந்தது. அதை மறைப்பானேன்?

ஆனால் ஆசைக்கு எதிரே ஓர் ஆள் இருந்தார். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். இங்கும் அவ்வாறே குறிப்பிடுகின்றோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பதினாறு வயதில் சாலைக் கடைவீதிக்கு வந்து, மூட்டை தூக்கி, பொட்டலம் கட்டி, பின் 1989-இல் உள்ளூர் முனைக்கு அருகில் வாடகைக்குக் கடை பிடித்துப் பலசரக்கு வாணிகம் தொடங்கியவர். உள்ளூர் என்பது ஊரின் பெயரே. உள்ளூர் அரசியல் என்று நாம் எழுதினால் அது இரு பொருளிலும் உண்மையாகும். லைட் மெட்ரோவுக்கு முன்னோடியாகப் பட்டம், உள்ளூர், ஸ்ரீகாரியம் ஆகிய மூன்று இடங்களில் மேம்பாலம் கட்டுவதென்பது திட்டம். மேம்பாலத்துக்குச் சாலையை அகலமாக்கவேண்டும். அகலமாக்கினால் அண்ணாச்சியின் கடை போகும்.

2015-இல் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. லைட் மெட்ரோவை விரைவில் தொடங்குமாறு இரு அரசுகளையும் நமது சங்கம் கேட்டுக்கொள்கிறது என்பது அதன் சாரம். அலுவலகம் செல்வோர் எல்லோரும் ஆதரித்தனர். அண்ணாச்சி எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி அதற்கு முன் நாம் கேட்டதில்லை. பொங்கல் விழாவுக்கு அரிசி, வெல்லம் அனுப்பிவிட்டுப் பின்வரிசையில் அமர்ந்திருப்பார்.

"ரயில் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கடைக்குச் சொந்தக்காரருக்கு நிலத்துக்கு விலை கிடைக்கும். எனக்கு என்ன கிடைக்கும் என்று இதில் ஒரு வரி எழுதுங்கள்" என்றார்.

எழுத முன்வந்தவர் யாருமில்லை. ஓர் அன்பர், 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில் வாடகைக்காரருக்கும் வழியுண்டு என்று எடுத்துக் காட்டினார். உண்மைதான். மூன்றாண்டுக்கு மேல் அவ்விடத்தையே பிழைப்புக்கு நம்பியிருந்தவர், நிலம் தம்முடையதன்று என்றாலும், பாதிக்கப்பட்ட குடும்பமாகவே கருதப்படுவார். சிறு வணிகருக்கு ஒருமுறை உதவித் தொகையும் உண்டு. 25,000 ரூபாய்க்குக் குறையாமல். அண்ணாச்சி அதைக் கேட்டுச் சிரித்தார். "தம்பி, என் கடையில் ஒரு நாள் இருப்பில் இருக்கும் பருப்பு அதற்குமேல் வரும்" என்றார். நிலையக் கட்டடங்களில் வாடகைக்காரக் கடைக்காரர்களுக்கு முதலிடம் தரவேண்டும் என்று ஒரு திருத்தம் சேர்க்கலாம் என்றோம். அதற்குச் சாலைக் கடைவீதி அன்பர்கள், இடிபடும் கடைகளுக்கு மட்டுமா, வேலை நடக்கும் ஆண்டுகளில் வாடிக்கை குறையும் எங்களுக்கு யார் ஈடு செய்வார் என்று கேட்டனர். மணி ஒன்பதாயிற்று. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. மாநிலத் தலைமைச் செயலகத்தில் நிகழ்ந்ததும் ஏறக்குறைய இதுவேயாகும் என்று பிற்பாடு எண்ணிக்கொண்டோம்.

2016-இல் ஆட்சி மாறிப் பினராயி விஜயன் முதலமைச்சரானார். 2017 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை புதிய மெட்ரோ ரயில் கொள்கையை ஏற்றது. மத்திய உதவி வேண்டுமெனில் திட்டத்தின் ஏதேனும் ஒரு பகுதியிலாவது தனியார் பங்கு இருக்கவேண்டும், மாற்று வழிகளை ஆராய்ந்து காட்டவேண்டும், நகரப் போக்குவரத்து முழுமைக்கும் ஓர் அதிகார அமைப்பு வேண்டும் என்றெல்லாம் அதில் நிபந்தனைகள். பழைய அறிக்கை பழங்கணக்காயிற்று. புதுக்கணக்கு எழுதவேண்டும். அதுவரை மேம்பாலம் முதலிய முன்வேலைகளையேனும் தொடங்கலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள் என்றார் ஸ்ரீதரன். மத்திய ஒப்புதல் இல்லாமல் இவ்வளவு பெருஞ்செலவில் எப்படி இறங்குவது என்றது மாநிலம். ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. 2018 மார்ச்சில் தில்லி மெட்ரோ நிறுவனம் அலுவலகங்களை மூடிக்கொண்டு விலகியது. ஸ்ரீதரன் கொச்சியில் பத்திரிகையாளர்களை அழைத்துத் தம் மனக்குறையை வெளியிட்டார். சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியினர் அதை எடுத்துக்கொண்டு முழங்கினர். மூன்றாண்டுக்கு முன் நிதித்துறையைக் கையில் வைத்திருந்தவர்கள் தாங்களே என்பது அவர்களுக்கு நினைவில் இருந்ததாகத் தோன்றவில்லை.

எமது அபிப்பிராயத்தில் இருதரப்பு வாதத்திலும் பொருள் இருந்தது. கடன் சுமை மிகுந்த மாநிலம், மத்திய உறுதி இல்லாமல் பணத்தைக் கொட்ட அஞ்சியதில் வியப்பில்லை. எல்லா ஒப்புதலும் வந்தபின்தான் முதல் தூண் என்றால் முதல் தூண் ஒருநாளும் எழாது என்ற பொறியாளர் கூற்றும் அனுபவத்திலிருந்து வந்ததே. ஆனால் நீ முதலில் கையெழுத்திடு, நான் பிறகு இடுகின்றேன் என்று இருவரும் நின்ற அந்த ஆண்டுகளில் செலவு நின்றபாடில்லை. தமிழ்நாட்டு அன்பர்களுக்கும் இது புதிதன்று. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி. மாநிலமே பெருஞ்சுமையைத் தாங்கிக் கட்டிக்கொண்டிருக்க, மத்திய ஒப்புதல் 2024 அக்டோபரில் வந்தது. அங்கு வேலையாவது நடந்துகொண்டிருந்தது.

வேடிக்கை ஒன்று சொல்லுவோம். லைட் மெட்ரோவால் கரமனையில் உடனே பயனடைந்தவர் எங்கள் வீட்டுக்காரர் ஒருவரே. 2015-இல், ரயில் வரப்போகிறது, இனி இவ்விடத்து மதிப்பே வேறு என்று கூறி மாத வாடகையில் ஐந்நூறு ரூபாய் ஏற்றினார். 2018-இல் திட்டம் நின்ற செய்தியைப் பத்திரிகையுடன் கொண்டுபோய்க் காட்டினோம். "நின்றது தற்காலிகமாகத்தானே" என்றார். பத்தாண்டுக்கு அந்த ஐந்நூறு மட்டும் 60,000 ரூபாய். வராத ரயிலுக்கு இவ்வளவு கட்டணம் செலுத்திய பயணி இந்திய ரயில்வே வரலாற்றில் வேறெவரும் இருக்கமாட்டார் என்று எம் மனைவி கூறுவார்.

அண்ணாச்சியின் நட்டம் இப்படி எண்ணில் அடங்குவதன்று. கடை இடிக்கப்படவில்லை, இடிக்கப்படும் என்ற சொல் மட்டும் அதன் கூரைமேல் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருந்தது. தகரக் கூரை ஒழுகியது. மாற்றித் தருமாறு கேட்டால், இடிபடப்போகும் கட்டடத்துக்கு எதற்குச் செலவு என்றார் உரிமையாளர். கடையைச் சற்றுப் பெரிதாக்கிக் குளிர்ப் பெட்டி வைக்க ஒரு வங்கியில் கடன் கேட்டார். மேலாளர் மனுவைப் படித்துவிட்டு, கடை இருக்கும் இடம் திட்டத்தில் அடங்குமா என்று வினவினார். ஆம் என்றும் இல்லை என்றும் எழுதித் தர எந்த அலுவலகமும் தயாராக இல்லை. கடன் கிட்டவில்லை. மூத்த மகன் கடையில் வந்து உட்கார்ந்தவன், இதில் எதிர்காலம் இல்லை என்று கோயமுத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான். திருமணத்துக்குப் பெண் வீட்டார் வந்தபோது, "கடை சொந்தமா? எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார்களாம். இதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் தடுமாறியது.

எமக்கு ஒன்று விளங்கிற்று. ரயில் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் சண்டையிடுவதாகவே நாம் பத்திரிகையில் படிக்கின்றோம். எங்கள் வீடும் அண்ணாச்சி கடையும் எதிரெதிர்க் கட்சிகள் என்றே 2015-இல் நாமும் நினைத்திருந்தோம். ஆனால் ரயில் வந்திருந்தால் எம் மனைவிக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணியாவது மிஞ்சியிருக்கும். அண்ணாச்சியும் ஐம்பது வயதுக்குள் வேறிடத்தில் கடை போட்டு ஊன்றியிருப்பார். திட்டம் ஒரேயடியாகக் கைவிடப்பட்டிருந்தால் அவர் கூரை மாறியிருக்கும். நாமும் கழக்கூட்டத்துப் பக்கம் வீடு பார்த்திருப்போம். இரண்டுமில்லாத இந்த நடுநிலைதான் இருவரையும் தின்றது.

இடையில் வேறு பலவும் நிகழ்ந்தன. காசர்கோட்டிலிருந்து தலைநகர் வரை அதிவேக ரயில் என்று சில்வர்லைன் வந்தது. 2022-இல் அதற்காக நட்ட மஞ்சள் எல்லைக் கற்களை மக்கள் பிடுங்கி எறிந்தனர். கழக்கூட்டத்தில் தேசிய நெடுஞ்சாலைக்கு மேம்பாதை எழுந்தது. லைட் மெட்ரோவுக்குக் குறித்த ஸ்ரீகாரிய மேம்பாலத்துக்கு நிலம் எடுத்துக் கட்டடங்களை இடித்தார்கள். அந்த இடிபாடுகளைப் பேருந்து சன்னல் வழியே பார்த்துவிட்டு வந்த மாலையில், அங்கே இருந்த தையற்கடைக்காரர் எங்கே போனாரோ என்று எம் மனைவி கேட்டார். திட்டமோ கொச்சி மெட்ரோ நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஸ்ரீதரன் 2021-இல் பாலக்காட்டில் பாரதிய ஜனதா வேட்பாளராகத் தேர்தலில் நின்று தோற்றார். அவர் அரசியலுக்கு வந்தது சரியா என்று சங்கத்தில் ஒரு மாதம் விவாதம் நடந்தது. அதை விரிக்க இங்கு இடமில்லை, எம் உத்தியோகமும் இடங்கொடாது.

2025 நவம்பரில் புதிய தடத்துக்கு முதலமைச்சர் ஒப்புதல் அளித்தார். இம்முறை பாப்பனங்கோட்டில் தொடங்கி, கிள்ளிப்பாலம், பாளையம், ஸ்ரீகாரியம், கழக்கூட்டம், டெக்னோபார்க், கொச்சுவேளி வழியே ஈஞ்சக்கல் வரை 31 கிலோமீட்டர், 27 நிலையங்கள். கரமனையைக் கடந்துதான் கிள்ளிப்பாலம் வரவேண்டும். செய்தி வந்த மறுநாளே எங்கள் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "பத்திரிகை பார்த்தீர்களா, சாரே?" என்றார். பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டோம். அந்தப் பொய்க்கு மாதம் ஐந்நூறு ரூபாய் மதிப்புண்டு.

1918-இல் கொல்லத்திலிருந்து ரயில் வந்தபோது அது நகருக்கு வெளியே சாக்கையில் நின்றது. தம்பானூர் வரை வர 1931 ஆயிற்று என்று எங்கள் அலுவலகத்து மூத்தவர் ஒருவர் ஆறுதல் சொன்னார். அது மகாராஜா காலம். அண்ணாச்சிக்கு இப்போது அறுபது கடந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் காண உள்ளூருக்குச் சென்றோம். புதிய தடத்தின் படத்தை எடுத்துப் போயிருந்தோம். கல்லாவில் அமர்ந்தபடியே மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஸ்ரீகாரியம் எழுதியிருக்கிறது. பாளையத்திலிருந்து ஸ்ரீகாரியம் போகிறவர்கள் உள்ளூரை விட்டுவிட்டா போவார்கள்?" என்றார்.

நிலையம் எங்கே வரும் என்பது இதில் இல்லை, அண்ணாச்சி என்றோம்.

"2014-இலும் இதையேதான் சொன்னீர்கள்" என்று சிரித்தார். பிறகு எம் மனைவியைப் பற்றிக் கேட்டார். இப்போதும் எட்டரைக்குத்தான் வருகிறாரா, பிள்ளை யார் கையில் என்று விசாரித்தார். வந்தால் அந்தப் பெண்ணுக்கு நல்லது, வரட்டும் என்றார். அதைச் சொன்ன கையோடு மேசையறையைத் திறந்து ஒரு முத்திரைத்தாளை எடுத்தார். பதினொரு மாத வாடகை ஒப்பந்தம். புதுப்பிக்கும் நாள் வந்திருந்தது. கூரையைத் தம் செலவிலேயே மாற்றிக்கொள்வதாகவும், அச்செலவை வாடகையில் கழிக்கச் சொல்வதில்லை என்றும் அதில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தது. தகரத் தகடுகள் ஆட்டோவில் வந்து கடைக்குப் பின்னால் இறங்கியிருந்தன. மறுவாரம் ஆள் வரச் சொல்லியிருக்கிறாராம்.

"இன்னும் எத்தனை மழைக்கு ஒழுகவிடுவது, தம்பி? சாட்சிக் கையெழுத்து நீங்கள்தான் போடவேண்டும்" என்றார்.

இரண்டாம் சாட்சிக்கு அடுத்த தையற்கடைக்காரரை அழைத்து, அவருக்குப் பேனாவைக் கொடுத்துவிட்டு, ஒரு கிலோ துவரம் பருப்பும் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினோம்.